அலமாரிக்குள் ஒரு பேரரசு: காலனியப் பொம்மைப் படைகளைச் சேகரிப்பது சரியா?

சிவப்புக் கோட்டு, குறுக்கே வெள்ளை பெல்ட், தோளில் துப்பாக்கி. உயரம் வெறும் 54 மில்லிமீட்டர், ஏறக்குறைய நம் சுண்டுவிரல் அளவு. இப்படிப்பட்ட நூறு பேரைக் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிற்க வைத்து, மேலே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும் போட்டுவிட்டால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஹாட் வீல்ஸ் கார், லெகோ, அனிமே உருவம் என்று ஆபீஸ் மேசையில் எதையாவது அடுக்கி வைக்கும் தலைமுறை இது. அந்த வழியில் வார்ஹேமருக்குப் போய், அங்கிருந்து 'வரலாற்று மினியேச்சர்' பக்கம் ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். அங்கே நுழைந்தால் நெப்போலியன் படை, ரோமானியப் படை இவற்றோடு இன்னொரு பெரிய பிரிவு நிற்கும். அதுதான் காலனியப் போர்கள். ஜூலு, சூடான், ஆப்கானிஸ்தான், இந்தியா.

அந்த இந்தியப் பெட்டியில் நிற்கும் சிப்பாய்களில் நம்ம ஊர்க்காரர்களும் உண்டு. அதனால் கேள்வி நமக்கும் வருகிறது: இதைச் சேகரிக்கலாமா? என் பதில், தாராளமாகச் சேகரிக்கலாம். ஆனால் அலமாரியில் யாரை நிற்க வைக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்று யோசிக்காமல் அடுக்கினால், நூறு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய கதையை நாம் காசு கொடுத்து வாங்கி மறுபடி சொல்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இது எங்கே தொடங்கியது?

ஐரோப்பாவில் பொம்மைச் சிப்பாய்கள் 18-ம் நூற்றாண்டிலேயே பரவலாகிவிட்டன. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் தட்டையான தகர உருவங்களுக்குப் பேர் போனது. ஆனால் அது வசதியானவர்கள் வீட்டுச் சமாசாரம். அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் நிறுவனம். வில்லியம் பிரிட்டன் ஜூனியர் 1893-ல் ஒரு எளிய உத்தியைப் பிடித்தார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். உள்ளே கூடாக ஒரு சிப்பாய் கிடைப்பான். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. ஜெர்மன் போட்டியாளர்கள் திணறிப் போனார்கள்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1893 என்றால் பிரிட்டிஷ் பேரரசு அதன் உச்சத்தில் இருந்த காலம். செய்தித்தாளில் எந்தப் போர் வருகிறதோ, அது சீக்கிரமே சிவப்பு அட்டைப் பெட்டிக்குள்ளும் வந்தது. பெங்கால் லான்சர்கள், பாம்பே லான்சர்கள், கூர்க்காக்கள், ஜூலு வீரர்கள், ஒட்டகத்தில் எகிப்தியப் படை, தென்னாப்பிரிக்க போயர்கள் என்று பட்டியல் நீண்டது. மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரிக்கும் ஒரு பெட்டி இருந்தது. உலக வரைபடம் பாடப்புத்தகத்தில் இருந்தது. அதில் வாழும் மனிதர்களை லண்டன் சிறுவர்கள் பொம்மைக் கடையில்தான் முதலில் பார்த்தார்கள்.

ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய விதிகள் இறுக, 1966-ல் பிரிட்டன்ஸ் ஈயப் பொம்மைகளை நிறுத்தியது. அன்றிலிருந்து அவை விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து சேகரிப்புப் பொருள் என்ற நிலைக்கு ஏறிவிட்டன. பழைய பெயின்ட், பழைய பெட்டி, பெட்டிக்குள் கட்டிய நூல் அறுபடாமல் இருந்தால் ஏலத்தில் தனி மதிப்பு. இன்று புதிதாக வருபவை 28 மி.மீ. போர் விளையாட்டு உருவங்கள், 1:72 அளவு பிளாஸ்டிக் செட்கள், நுணுக்கமாக வண்ணம் தீட்டிய 54 மி.மீ. உலோகச் சிலைகள். 3டி பிரின்டர் வைத்திருப்பவர்களோ ஃபைலை வாங்கி வீட்டிலேயே அச்சடித்துக்கொள்கிறார்கள்.

வெறும் பொம்மைதானே, இதுல என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்கு வின்ஸ்டன் சர்ச்சிலைவிட நல்ல பதில் கிடையாது.

சிறுவயதில் அவரிடம் ஏறக்குறைய 1,500 பொம்மைச் சிப்பாய்கள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பிரிட்டிஷ் வீரர்கள். எதிரிப் படைக்குத் தலைவர் தம்பி ஜாக். இருவருக்கும் இடையே ஒரு 'ஒப்பந்தம்' இருந்ததாகத் தன் இளமைக்கால நினைவுகளில் (1930-ல் வெளியானது) சர்ச்சிலே எழுதியிருக்கிறார். அதன்படி ஜாக் கறுப்பு, பழுப்பு நிற வீரர்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பீரங்கி கிடையாது.

சிரிப்புக்காகத்தான் எழுதினார். ஆனால் அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அண்ணன் எப்படியும் ஜெயிப்பார். அப்பா ராண்டால்ஃப் சர்ச்சில் ஒருநாள் அறைக்கு வந்து அணிவகுப்பைச் சுமார் 20 நிமிடம் பார்த்துவிட்டு, 'ராணுவத்தில் சேருகிறாயா?' என்று கேட்டார். பையன் உடனே சரி என்றான். அந்தப் பொம்மைகள்தான் தன் வாழ்க்கையின் திசையை மாற்றியதாகவும் சர்ச்சில் சொல்கிறார்.

பையன் வளர்ந்து, 1896-ல் பெங்களூருக்கு ராணுவ அதிகாரியாக வந்தார். 1898 செப்டம்பர் 2 அன்று சூடானில் ஒம்துர்மான் போர்க்களத்தில், 21-வது லான்சர்ஸ் குதிரைப்படையோடு இருந்தார். அன்று காலை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே ஓடிவந்த சூடான் வீரர்களில் 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டிஷ்-எகிப்துப் படையில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. தம்பிக்குப் பீரங்கி இல்லை என்ற குழந்தைப் பருவ விதி, அப்படியே பெரியவர்களின் போர்க்களத்தில் அமலில் இருந்தது.

பொம்மை போரை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மிகை. ஆனால் யாருக்கு ஆயுதம் இருப்பது 'இயல்பு', யார் தோற்பது 'இயல்பு' என்பது விளையாட்டு அறையிலேயே மனதில் பதிந்துவிட்டது. பொம்மை செய்யும் வேலை அதுதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் போருக்கு விதிமுறைப் புத்தகமே போட்டார். இந்த விளையாட்டை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே, நிஜப் போர் எவ்வளவு பெரிய குளறுபடி என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் தொடங்கியது என்பது வேறு கதை. அதே பொம்மை ஒருவருக்கு ராணுவ ஆசையைத் தந்தது, இன்னொருவருக்குப் போர் மீது சந்தேகத்தைத் தந்தது. வித்தியாசம் அதை எப்படி அடுக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

காட்சியில் யார் இல்லை?

மினியேச்சர் காட்சிப்படுத்தலில் மிகப் பிரபலமான சண்டை, வாட்டர்லூ பற்றியது. வில்லியம் சிபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியை உருவாக்க, அங்கேயே ஒரு பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பிழைத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டார். 1838-ல் லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தார். 70,000-க்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள். இன்று லண்டன் செல்சியில் உள்ள நேஷனல் ஆர்மி மியூசியத்தில் அதைப் பார்க்கலாம்.

பிரச்சினை என்னவென்றால், மாதிரியில் பிரஷ்யப் படை ரொம்ப முன்னால், ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. வெற்றி முழுக்க பிரிட்டனுடையது என்ற கதைக்கு அது இடைஞ்சல். வெல்லிங்டனும் அவர் வட்டாரமும் அதை ரசிக்கவில்லை. கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும் பகுதியை சிபோர்ன் எடுத்துவிட்டார். ஒரு நாட்டின் பங்கைக் குறைக்க வரலாற்றுப் புத்தகத்தைத் திருத்த வேண்டியதில்லை. மேசையிலிருந்து பொம்மையை எடுத்தால் போதும்.

ஐரோப்பிய நட்பு நாட்டுக்கே இந்த நிலை என்றால், காலனிய நாடுகளுக்கு?

காலனியப் போர் சேகரிப்பாளர்களுக்கு மிகப் பிடித்த காட்சிகளில் ஒன்று ரோர்க்ஸ் டிரிஃப்ட். 1879 ஜனவரி 22 மாலையில் தொடங்கி மறுநாள் விடியும்வரை, சுமார் 150 பிரிட்டிஷ் வீரர்கள் 3,000-க்கும் மேற்பட்ட ஜூலுக்களைத் தடுத்து நின்ற சம்பவம். 11 விக்டோரியா கிராஸ் பதக்கங்கள், 1964-ல் வந்த 'ஜூலு' திரைப்படம் எல்லாம் சேர்ந்து இதைப் புராணமாக்கிவிட்டன. டயோரமாவில் மூட்டைகளை அடுக்கிய அரண், எரியும் ஆஸ்பத்திரி, நாலு பக்கமும் ஈட்டியோடு ஜூலுக்கள். பார்க்கிறவருக்கு உடனே தோன்றுவது, 'ஐயோ பாவம், மாட்டிக்கிட்டாங்களே' என்பதுதான்.

ஆனால் அந்த மாதம் 11-ம் தேதி ஜூலு நாட்டுக்குள் படையெடுத்துப் போனது பிரிட்டன். ஏற்கவே முடியாத நிபந்தனைகளை அனுப்பி, அதை மன்னர் செட்ஷ்வாயோ ஏற்காததைக் காரணம் காட்டிப் போனது. அதே ஜனவரி 22 பகலில் இசாண்டல்வானாவில் ஜூலுக்கள் அந்தப் படையை நேருக்கு நேர் தோற்கடித்தார்கள். பிரிட்டன் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரோர்க்ஸ் டிரிஃப்டில் சண்டை முடிந்தபிறகு, காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்கள் கொல்லப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. டயோரமா இதில் எதையும் பொய் சொல்வதில்லை. ஒரே ஒரு இரவை மட்டும் வெட்டி எடுத்து, படையெடுத்தவரை முற்றுகைக்குள் நிற்க வைக்கிறது. அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பெட்டி: வேலூர் தலைப்பாகை

இந்தப் பொழுதுபோக்கில் சீருடை என்பது ஒரு மதம் மாதிரி. இந்த ரெஜிமென்ட்டுக்குக் காலர் மஞ்சளா, வெளிர் மஞ்சளா? இந்த வருடத்தில் தலைப்பாகை எந்த வடிவம்? பட்டன் எத்தனை? இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மெட்ராஸ் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுபவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தச் சீருடைக்காக உயிர் போயிருக்கிறது.

1805, 1806-ல் மெட்ராஸ் ராணுவத்தில் புதிய உத்தரவுகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. தாடியை மழிக்க வேண்டும். கடுக்கன் கூடாது. தொப்பியைப் போலத் தோன்றும் புது வகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோலால் ஆன சின்னம் வேறு. அந்தத் தோல் பசுவுடையதா, பன்றியுடையதா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களையும் உலுக்கியது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி தண்டனை.

1806 ஜூலை 10 அதிகாலை, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 100-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷார் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி தலைமையில் குதிரைப்படை வந்து சில மணி நேரத்தில் எழுச்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டிச் சுடுவது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் வில்லியம் பென்டிங்க், தளபதி ஜான் கிரடாக் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. 2006-ல் இதற்கு அஞ்சல்தலையும் வெளியானது.

இப்போது அலமாரிக்கு வாருங்கள். 1806-க்கு முந்தைய தலைப்பாகையா, அந்தப் புதுத் தலைப்பாகையா என்று தூரிகையோடு யோசிக்கும் ஒருவர், உண்மையில் அந்தச் சிப்பாயின் நெற்றியில் திருநீறு வைப்பதா, அழிப்பதா என்று முடிவு செய்கிறார். அது வெறும் பெயின்ட் விஷயம் இல்லை.

அப்போ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?

'இது அடிமைத்தனத்தின் சின்னம், வீட்டில் வைக்கவே கூடாது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் நான் அதோடு உடன்படவில்லை. காரணம், ஆளப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் உருவம் செய்தார்கள்.

திப்பு சுல்தானின் புலியை எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பியன் மேல் பாய்ந்து கடிக்கும் மர இயந்திரம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துச் செல்லப்பட்டு, இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வங்காளத்தின் பெர்ஹாம்பூர் கைவினைஞர்கள் தந்தத்தில் சதுரங்கக் காய்கள் செதுக்கினார்கள். ஒரு பக்கம் கம்பெனிப் படை, எதிர்ப்பக்கம் யானை மேல் அம்பாரியில் இந்திய அரசன். வாங்கியது வெள்ளைக்காரன்தான், ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் சரிசமம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் சோலா தொப்பி போட்ட வெள்ளை அதிகாரிகளை மரத்தில் செதுக்கினார்கள். 'கொலோன்' சிலைகள் என்று பெயர். நம் கிராமங்களிலும் சில அய்யனார் கோயில்களில் சீருடையும் துப்பாக்கியுமாகக் காவல்காரச் சிலைகள் நிற்பதைப் பார்க்கலாம். அதிகாரத்தின் உடையை எடுத்து, சாமிக்கு வேலை செய்ய நிறுத்திவிட்டார்கள்!

எனவே உருவத்தை ஒழிப்பது தீர்வு இல்லை. லண்டன் தொழிற்சாலை தந்த வரிசையிலேயே அதை நிறுத்தி வைப்பதுதான் பிரச்சினை.

சரி, எப்படி அடுக்குவது?

முதலில், இரண்டு பக்கத்தையும் வையுங்கள். காலனியப் பிரிவில் சேகரிப்பவர்கள் அறுபது பிரிட்டிஷ் வீரர்களைத் தனித்தனி முகபாவத்தோடு தீட்டிவிட்டு, எதிர்ப்படையை ஒரே பழுப்பில் அவசரமாக முடிப்பது வழக்கமாக நடப்பது. ஜூலு ரெஜிமென்ட்களுக்கும் கேடய நிறம், தலையணி, வயதுப் பிரிவு எல்லாம் உண்டு. அதையும் அதே அக்கறையோடு தேடுங்கள்.

இரண்டாவது, பெயர்ப்பலகை. தேதி, இடம், யார் யார் மேல் படையெடுத்தார்கள், இரு தரப்பிலும் எத்தனை பேர் இறந்தார்கள். நாலு வரி போதும். ஒம்துர்மான் காட்சிக்குக் கீழே அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிப் பாருங்கள், காட்சியே மாறிவிடும்.

மூன்றாவது, இல்லாத பெட்டியை நாமே செய்வது. பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்ட பிறகு, தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் இடிக்கப்பட்ட மண்கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். 1801 மார்ச் 31 அன்று கம்பெனிப் படையின் தாக்குதல் தோற்றது. மே 24 வரை கோட்டை தாக்குப்பிடித்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். வளரி வீசவும் ஈட்டி எறியவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று அதில் நன்றியோடு எழுதுகிறார். பின்னால் அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். 54 மில்லிமீட்டரில் சொல்ல இதைவிடக் கனமான கதை உண்டா?

இதைச் செய்யும்போது ஒரு சங்கடம் வரும். கோட்டைக்குள் இருப்பவர்களும், சிவப்புக் கோட்டு போட்டு வெளியே நிற்கும் மெட்ராஸ் சிப்பாய்களில் பலரும் ஒரே மண்ணின் மனிதர்கள். இரண்டு பக்கத்துக்கும் தோலுக்கு ஒரே பெயின்ட் புட்டிதான். அந்தச் சங்கடத்தை மறைக்காதீர்கள். காலனிய ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கப்படம் இல்லை.

வாங்கும் முன் சில நடைமுறை விஷயங்கள்

பழைய பொம்மைகளில் இருப்பது ஈயம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள், வீட்டுக்குள் உரசித் தேய்க்காதீர்கள். ஓக் போன்ற மர அலமாரிகளிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். கண்ணாடி, உலோக அலமாரி நல்லது. பழைய பெயின்ட் உரிந்திருந்தாலும் புதிதாக அடிக்காதீர்கள், மதிப்பு போய்விடும். தந்தச் சதுரங்கக் காய்களை வாங்குவதும் விற்பதும் இந்தியாவில் சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்ஜெட் கம்மி என்றால் 1:72 பிளாஸ்டிக்கில் தொடங்கலாம், அல்லது நண்பரின் 3டி பிரின்டரில்.

கொலு சொல்லும் பாடம்

பொம்மை அடுக்குவது நமக்குப் புதிதில்லை. நவராத்திரிக்குப் படி கட்டி, கலசம், சாமி, அதற்குக் கீழே கல்யாண செட், செட்டியார் கடை, காய்கறிக்காரம்மா, போலீஸ் பேண்ட் என்று வரிசையாக வைக்கிறோம். அங்கேயும் மேல்படி, கீழ்படி உண்டு. அது குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதை வீட்டில் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்து ஏதோ ஒன்றைப் புரிந்துகொண்டு போகிறார்கள்.

பொம்மைப் படையும் அப்படித்தான். வாங்கும்போது அது லண்டன் அடுக்கிய வரிசையில் வரும். உங்கள் அலமாரியில் அது அதே வரிசையில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தம்பி ஜாக்குக்குக் கொடுக்கப்படாத பீரங்கியை நீங்கள் கொடுக்கலாம். வேலூர் சிப்பாயின் நெற்றியில் அழிக்கப்பட்ட திருநீறைத் திரும்ப வைக்கலாம். அதற்கு ஒரு மெல்லிய தூரிகையும், கொஞ்சம் படிப்பும் போதும்.